இருதயத்துக்கு ஒட்டுப் போட முடியுமா?

நம் நண்பர் ஒருவர் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். முப்பத்தைந்து வருஷ காலம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். இரண்டு வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள் விடியற்காலையில் அவருக்கு மார்பில் கடுமையான வலி உண்டாயிற்று. "வாயுவாக இருக்கும்" என்று சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்துப் பார்த்து, பிறகு வண்டி பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் நான்கு மணி நேரம் கடந்து விட்டது. டாக்டர்கள் அடைபட்டிருந்த ரத்தக் குழாயைத் திறந்து விட்டு, மனிதரின் உயிரைக் காப்பாற்றி விட்டார்கள். இப்போது அவருக்கு வலி இல்லை. ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சாயங்காலமானால் கால் வீங்குகிறது. இரவில் மூன்று தலையணையை அடுக்கிக் கொண்டால்தான் படுக்க முடிகிறது.

சமீபத்தில் நாம் அவரைப் பார்க்கப் போயிருந்தபோது, அவருடைய மனைவியார் ஒரு கேள்வி கேட்டார்:

"வயிற்றிலே ஆபரேஷன் செய்தால் பத்து நாளில் புண் ஆறி விடுகிறது. கை எலும்பு முறிந்தால் கூடி விடுகிறது. இவருக்கு நெஞ்சிலே பட்ட புண் ஆறி இரண்டு வருஷம் ஆகிறது என்கிறார்கள். ஆறின பிறகும் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது?"

கேள்வி சின்னதுதான். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டு உலகத்தில் பல தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் இரவு பகலாக வேலை செய்து வருகிறார்கள். நாம் பதில் யோசித்துக் கொண்டிருக்கும்போதே அவர்களுடைய பிள்ளை ஒரு வர்ணத் துண்டுப் பிரசுரத்தைக் கொண்டு வந்து காட்டினான். "ஸ்டெம் ஸெல்" சிகிச்சையினால் பழுதான இருதயத்தைப் புதிதாக்கித் தருவதாக அதில் அச்சிட்டிருந்தது. கட்டணம் சில லக்ஷ ரூபாய். ஊரில் உள்ள நிலத்தை விற்று விடலாமா என்று வீட்டில் யோசனை நடந்து கொண்டிருந்தது.

"விசாரித்துச் சொல்லுகிறோம், அதுவரையில் நிலத்துப் பக்கம் போக வேண்டாம்" என்று சொல்லி விட்டு வந்தோம். நாம் விசாரித்து அறிந்ததையே இங்கே எழுதுகிறோம். இந்த மாதிரி யோசனை நடக்கும் வீடு அது ஒன்றுதான் என்று நாம் நினைக்கவில்லை.

புண் ஆறுவது வேறு, தசை வளர்வது வேறு

மனிதனுடைய இருதயம் அவனவன் கைமுஷ்டி அளவுதான் இருக்கும். அது ஒரு நாளைக்குச் சுமார் 1 லக்ஷம் தடவை துடிக்கிறது; ஏறக்குறைய 7,000 லிட்டர் ரத்தத்தை இறைத்துத் தள்ளுகிறது. ஏற்றம் இறைக்கிறவனுக்காவது ராத்திரியில் ஓய்வு உண்டு. இதற்கு அதுவும் கிடையாது. இந்த வேலையில் பெரும் பங்கைச் செய்வது இருதயத்தின் இடது கீழறை. அதன் சுவரில் 200 கோடி முதல் 400 கோடி வரையில் தசை உயிரணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஊருக்கெல்லாம் ரத்தம் இறைக்கும் இருதயத்துக்கும் ரத்தம் வேண்டும் அல்லவா? அதைக் கொண்டு வரும் குழாய்களில் ஒன்று அடைபட்டுப் போனால், அதை நம்பியிருக்கும் தசைப் பகுதி மூச்சுத் திணறிச் சாக ஆரம்பிக்கிறது. பெரிய மாரடைப்பு ஒன்றில் சில மணி நேரத்துக்குள் 100 கோடி உயிரணுக்கள் வரையில் மடிந்து விடக்கூடும். டாக்டர்கள் "ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்" என்று சொல்வதன் காரணம் இதுவே.

செத்த தசையை உடம்பு சும்மா விட்டு வைப்பதில்லை. வெள்ளை ரத்த அணுக்கள் வந்து குப்பையை அகற்றுகின்றன. சுவர் கிழிந்து விடாதபடி அந்த இடத்தில் நாரினால் ஆன உறுதியான வடு ஒன்று உண்டாகிறது. அதைத்தான் "புண் ஆறி விட்டது" என்கிறோம். ஆனால் வடு துடிக்காது; சுருங்காது; ரத்தத்தைத் தள்ளாது. பத்துப் பேர் இழுத்த தேர் வடத்தை ஏழு பேர் இழுப்பது போல், மிச்சமுள்ள தசையே முழுப் பாரத்தையும் சுமக்கிறது. நாளடைவில் அதுவும் தளர்கிறது. இருதயத்தின் அறை விரிந்து மெலிகிறது. முன்னே தள்ள முடியாத ரத்தம் பின்னே தேங்குவதால் நுரையீரலில் நீர் கோக்கிறது, கால் வீங்குகிறது. ஹெட்மாஸ்டருக்கு மூன்று தலையணை தேவைப்படுவது இதனால்தான்.

அணுகுண்டு சொன்ன சாக்ஷியம்

நகம் வளர்கிறது, மயிர் வளர்கிறது, ஈரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால்கூட மீண்டும் வளர்கிறது. இருதயத் தசை மட்டும் ஏன் வளர்வதில்லை? "வளரவே வளராது" என்றுதான் வெகு காலம் வைத்திய சாஸ்திரிகள் எண்ணியிருந்தார்கள். அது முழு உண்மையல்ல என்பது ஒரு விசித்திரமான வழியில் நிரூபணமாயிற்று.

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு வல்லரசுகள் போட்டி போட்டுக் கொண்டு திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தன. அதனால் ஆகாயத்தில் கார்பன்-14 என்னும் கதிரியக்கப் பொருள் மிகுந்தது. 1963-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பிறகு அது சிறிது சிறிதாகக் குறைந்து வந்தது. அந்தக் கார்பன் பயிரிலும், பயிரிலிருந்து உணவிலும், உணவிலிருந்து மனித உயிரணுவிலும் புகுந்தது. ஓர் உயிரணு பிறக்கும்போது அதன் மரபுப் பொருளில் எவ்வளவு கார்பன்-14 சேர்ந்ததோ, அதுவே அதன் ஜாதகம். ஸ்வீடன் தேசத்தில் கரோலின்ஸ்கா ஸ்தாபனத்தைச் சேர்ந்த யோனாஸ் ஃபிரிஸேன் என்பவரும் அவருடைய சகாக்களும் இந்த ஜாதகத்தைக் கணித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். 25 வயதில் இருதயத் தசை உயிரணுக்களில் வருஷத்துக்கு 100-க்கு 1 வீதம் புதிதாகிறது. 75 வயதில் அது 0.45 வீதமாகக் குறைகிறது. ஆயுள் முழுவதும் சேர்த்தாலும் பாதிக்குக் குறைவுதான்.

உலகத்தை அழிப்பதற்காகச் செய்த ஆயுதத்தினால் இந்த ஒரு நல்ல செய்தியாவது கிடைத்ததே என்று நாம் திருப்தி அடையலாம். இருதயத்துக்கு வளரும் சக்தி அடியோடு இல்லாமல் போகவில்லை. ஆனால் 100 கோடி நஷ்டத்தை ஈடு செய்ய அந்தச் சக்தி போதாது.

கங்கை வெளியின் சிறு மீன்

பல்லிக்கு வால் அறுந்தால் மறுபடியும் முளைக்கிறதை நம் வீட்டுச் சுவரிலேயே பார்க்கிறோம். இருதயம் அறுந்தால் முளைக்கும் பிராணி உண்டா? உண்டு, அது நம் பாரத நாட்டுப் பிராணிதான். கங்கை பாயும் சமவெளிகளில் வயல் வாய்க்கால்களிலும் ஓடைகளிலும் திரியும் விரல் நீள மீன் ஒன்று இருக்கிறது. உடம்பில் நீலக் கோடுகள் ஓடுவதால் வரிக்குதிரை மீன் என்று அதற்குப் பெயர். ஃபிரான்ஸிஸ் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து தேசத்து வைத்தியர் கங்கையின் மீன்களைப் பற்றி 1822-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதை வர்ணித்தார். இன்று உலகத்து ஆராய்ச்சிச் சாலைகளிலெல்லாம் கண்ணாடித் தொட்டிகளில் இது நீந்திக் கொண்டிருக்கிறது.

2002-ல் அமெரிக்காவில் கென்னத் பாஸ் முதலியோர் இந்த மீனின் இருதயக் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்தார்கள். இரண்டு மாதத்தில் இருதயம் முழுமையாக வளர்ந்து விட்டது! 2011-ல் வேறொரு கோஷ்டியார் சுண்டெலியில் சோதித்தார்கள். பிறந்து ஒரு நாளே ஆன குட்டியின் இருதயம் மீனைப்போலவே வளர்ந்து கொண்டது; ஏழு நாள் ஆன குட்டியிடம் அந்தச் சக்தி மறைந்து விட்டது. அதாவது, பாலூட்டும் பிராணிகளுக்கும் இந்த வித்தை பிறவியில் தெரிந்திருக்கிறது. ஒரு வாரத்துக்குள் மறந்து போகிறது. மறந்ததை நினைவூட்ட முடியுமா என்பது ஒரு பகுதியாரின் ஆராய்ச்சி. "இருதயம் தானாக வளராவிட்டால் நாமே வெளியில் தசையை வளர்த்து ஒட்டி விடலாமே" என்பது இன்னொரு பகுதியாரின் யோசனை. இரண்டாவது யோசனையைத் தொடருவோம்.

குருத்தணு என்பது என்ன?

தென்னை மரத்தின் உச்சியில் இருக்கும் குருத்தை நேயர்கள் பார்த்திருப்பார்கள். மட்டையாவதும் பாளையாவதும் எல்லாம் அந்த இடத்திலிருந்து புறப்பட்டவைதான். மட்டையான பிறகு அது மட்டையே, பாளையாக மாறாது. நம் சரீரத்திலும் அப்படியே. தாயின் கர்ப்பத்தில் முதல் சில தினங்களில் இருக்கும் உயிரணுக்கள் தோலாகவும், எலும்பாகவும், மூளையாகவும், இருதயமாகவும் மாறக் கூடியவை. அவற்றைக் குருத்தணுக்கள் என்கிறோம். மனிதக் கருவிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்து வளர்க்கும் முறையை 1998-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்ஸன் கண்டுபிடித்தார். ஆனால் கருவை அழித்து எடுப்பது தர்மமா என்ற விவாதம் உடனே கிளம்பியது.

அந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் ஜப்பான் தேசத்து கியோட்டோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஷின்யா யமனாகா. இவர் முதலில் எலும்பு வைத்தியராகப் பயின்றவர். கத்தியைப் பிடிப்பதில் கைத்திறமை போதவில்லையென்று அதை விட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். முற்றிய தோல் உயிரணுவைக் குருத்து நிலைக்குத் திருப்ப முடியுமா என்று பார்ப்பதற்காக 24 மரபுக்கூறுகளைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்ததில் 4 இருந்தாலே போதும் என்று தெரிந்தது. 2006-ல் சுண்டெலியின் உயிரணுவிலும், 2007-ல் மனித உயிரணுவிலும் இதைச் செய்து காட்டினார். காய்ந்த மட்டையை மறுபடியும் குருத்தாக்கிய கதைதான் இது! 2012-ல் இவருக்கும், இந்தத் துறையில் முன்னோடியாகத் தவளையை வைத்துச் சோதனை செய்த இங்கிலாந்தின் ஜான் கர்டனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

குருத்தணுவைத் தக்க ரசாயனப் பொருள்களால் தக்க வரிசையில் தூண்டினால் அது இருதயத் தசை அணுவாக மாறுகிறது. சுமார் இரண்டு வாரத்துக்குள் கண்ணாடித் தட்டிலேயே அது துடிக்கத் தொடங்குகிறது. ரத்தமும் இல்லை, நரம்பும் இல்லை, ஆனாலும் துடிக்கிறது.

பந்தலும் கொடியும்

துடிக்கும் அணுக்கள் கிடைத்து விட்டன. அவற்றை ஊசியால் இருதயத்தில் செலுத்தி விட்டால் போதாதா? போதாது. துடிக்கிற இருதயத்தில் செலுத்திய அணுக்களில் பெரும்பாலானவை ரத்தத்தோடு அடித்துக் கொண்டு போய் விடுகின்றன. மிஞ்சியவற்றில் பல மடிகின்றன. புடலங்கொடிக்குப் பந்தல் வேண்டியிருப்பது போல, உயிரணுக்களுக்கும் பற்றிப் படர ஓர் ஆதாரம் வேண்டும். பந்தலும் கொடியுமாகச் சேர்த்துத் தசையை உருவாக்கும் கலைக்குத் திசுப் பொறியியல் என்று பெயர்.

2008-ல் அமெரிக்காவில் மின்னஸோட்டா சர்வகலாசாலையில் டோரிஸ் டெய்லர் என்ற அம்மையாரும் சகாக்களும் ஓர் அதிசயத்தைச் செய்தார்கள். செத்த எலியின் இருதயத்தை எடுத்து, சோப்பு போன்ற ஒரு திரவத்தை அதன் ரத்தக் குழாய்களின் வழியாகச் செலுத்தி, உயிரணுக்களையெல்லாம் வெளுத்து எடுத்து விட்டார்கள். இருதயத்தின் வடிவம் மாறாமல் வெள்ளை வெளேரென்ற பந்தல் மட்டும் மிஞ்சியது. அதில் எலிக்குட்டிகளின் இருதய அணுக்களைக் குடியேற்றினார்கள். எட்டாவது நாளில் அது ரத்தம் இறைக்கும் வேலையைச் செய்தது. எவ்வளவு? வளர்ந்த இருதயத்தின் சக்தியில் 100-க்கு 2 பங்கு. அந்தச் சொற்பக் கணக்கை மறைக்காமல் வெளியிட்டார்களே, அதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

ஜப்பானில் டெருவோ ஓக்கானோ என்பவர் வேறொரு யுக்தி செய்தார். 37 டிகிரி உஷ்ணத்தில் உயிரணுக்கள் ஒட்டிக் கொள்ளும்படியும், 32 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் அவை விட்டு விடும்படியும் ஒரு தட்டைத் தயாரித்தார். வாழையிலையில் தட்டிய அப்பளம் கிழியாமல் உரிந்து வருவது போல, அணுக்கள் ஒரே படலமாக உரிந்து வந்தன. ஒஸாகா சர்வகலாசாலையின் யோஷிக்கி ஸவா குழுவினர் 2020-ஆம் வருஷம் ஜனவரியில், யமனாகா முறையில் தயாரித்த இருதயத் தசைப் படலத்தை முதன் முதலாக ஒரு நோயாளியின் இருதயத்தின் மேல் ஒட்டினார்கள். அதற்கு முன்பே, 2014-ல், பாரீஸ் நகரத்தில் பிலிப் மெனாஷே என்ற நிபுணர் கருவின் குருத்தணுவிலிருந்து உண்டாக்கிய ஒட்டு ஒன்றை 68 வயது மூதாட்டிக்கு வைத்திருந்தார்.

ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்து வொல்ஃப்ராம் ஸிம்மர்மன் குழுவினரின் செய்தி 2025 ஜனவரியில் வெளியாயிற்று. முதலில் குரங்குகளிடம் சோதித்து, அதன் பிறகு 46 வயதுள்ள ஒரு ஸ்திரீயின் இருதயத்தில் 40 கோடி உயிரணுக்கள் கொண்ட ஒட்டு வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து மாற்று இருதயம் கிடைத்து, அவருக்கு அதைப் பொருத்தினார்கள். அப்போது வெளியே எடுத்த பழைய இருதயத்தைச் சோதித்ததில், ஒட்டுத் தசை உயிரோடிருப்பதையும் அதில் ரத்தக் குழாய்கள் புகுந்திருப்பதையும் கண்ணாரக் கண்டார்கள். வேஷ்டியின் கிழிசலுக்குப் போட்ட ஒட்டு நிலைத்து நின்றது.

தாளம் தவறினால்

இவ்வளவு தூரம் வந்து விட்டார்களே, இன்னும் என்ன தடை என்று கேட்கலாம். சங்கீதக் கச்சேரி ஒன்று நடந்து கொண்டிருக்கும்போது புதிதாக ஒரு மிருதங்கக்காரர் மேடையேறித் தம் இஷ்டப்படி தாளம் போட்டால் என்ன ஆகும்? இருதயம் முழுவதும் ஒரே தாளத்தில் துடிக்க வேண்டும். 2014-ல் ஸியாட்டில் நகரத்தில் சார்ல்ஸ் மரி என்பவரின் குழுவினர் குரங்குகளின் இருதயத்தில் 100 கோடி அணுக்களைச் செலுத்தினார்கள். புதுத் தசை வேரூன்றியது உண்மை. ஆனால் துடிப்பின் தாளம் பல நாள் தவறியது. மனிதருக்கு அது உயிராபத்து.

இது தவிர, அன்னியருடைய உயிரணுவை உடம்பு விரோதியாகப் பாவித்துத் தாக்கும். அதைத் தடுக்க மருந்து சாப்பிட வேண்டும். முற்றாத குருத்தணு சில தங்கி விட்டால் கட்டி உண்டாகலாம். ஒட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே, ரத்தக் குழாய் இல்லாமல் உள்ளே இருக்கும் அணுக்கள் பட்டினி கிடந்து சாகும். ஒவ்வொரு தடைக்கும் பரிகாரம் தேடி வருகிறார்கள். ஒன்றும் ஒரே நாளில் தீரக் கூடியதல்ல.

கசப்பான ஓர் அத்தியாயம்

இனி, சொல்ல மனமில்லாவிட்டாலும் சொல்ல வேண்டிய விஷயம். 2001-ல் அமெரிக்காவில் பியரோ அன்வெர்ஸா என்பவரின் குழுவினர், எலும்பு மஜ்ஜையின் குருத்தணுக்களைச் செலுத்தியதில் சுண்டெலியின் இருதயத்தில் புதுத் தசை வளர்ந்ததாகப் பிரகடனம் செய்தார்கள். பிறகு இருதயத்திலேயே குருத்தணுக்கள் இருப்பதாகவும் சொன்னார்கள். உலகமே பரவசப்பட்டது. பல தேசங்களில் நோயாளிகளுக்குச் சிகிச்சை தொடங்கி விட்டார்கள். ஆனால் 2004-லேயே, நாம் மேலே சொன்ன சார்ல்ஸ் மரி உட்பட இரண்டு கோஷ்டியார் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்து, "எங்களுக்கு அப்படித் தசை ஒன்றும் வளரவில்லை" என்று எழுதினார்கள். அவர்கள் சொல் அரங்கம் ஏறவில்லை. கடைசியில் 2018-ல் ஹார்வர்ட் வைத்தியக் கல்லூரியும் அதைச் சேர்ந்த ஆஸ்பத்திரியும், அந்த ஆராய்ச்சிச் சாலையிலிருந்து வெளிவந்த 31 கட்டுரைகளை வாபஸ் பெற வேண்டும் என்று அறிவித்தன. அவற்றில் பொய்யான விவரங்கள் சேர்ந்திருந்தன.

பதினேழு வருஷம்! எத்தனை பணம், எத்தனை நம்பிக்கை! ஸயன்ஸில் தோல்வி பாவமல்ல. தோல்வியை வெற்றியென்று சொல்வதே பாவம். ஜப்பானில் தொடைத் தசையிலிருந்து செய்த ஒரு படலத்துக்கு 2015-ல் நிபந்தனையுடன் அநுமதி கொடுத்தார்கள். பலன் போதிய அளவு நிரூபணமாகவில்லை என்று கண்டதும் 2024-ல் நிரந்தர அநுமதி மறுத்து விட்டார்கள். இது அல்லவோ நேர்மை?

நாம் செய்ய வேண்டியது

துண்டுப் பிரசுரத்துக்கு வருவோம். நம் தேசத்தில் இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கௌன்ஸில் 2017-ல் வெளியிட்ட விதிமுறைகள் ஸ்பஷ்டமாக இருக்கின்றன. ரத்த சம்பந்தமான சில வியாதிகளுக்கு மஜ்ஜை மாற்றுவது போன்ற அங்கீகாரம் பெற்ற சிகிச்சை தவிர, மற்றெல்லாக் குருத்தணு சிகிச்சையும் பரிசோதனையே. அநுமதி பெற்ற பரிசோதனையாக அன்றி அதைச் செய்யக் கூடாது. கடைச் சரக்கைப்போல் விற்கக் கூடாது. ஆகவே எவரேனும் "இருதயத்தைப் புதிதாக்குகிறோம், இத்தனை லக்ஷம் கொண்டு வா" என்றால், "இந்தப் பரிசோதனை அரசாங்கப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா? பரிசோதனையானால் பணம் எதற்கு?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலிலேயே உண்மை தெரிந்து விடும்.

அப்படியானால் நம்மவருக்குக் கதியே இல்லையா? இருக்கிறது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஸ்தாபனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் இருதயத்துக்குச் சுதேசி வால்வு செய்ய முற்பட்டார்கள். அந்நிய வால்வின் விலை ஏழைக்கு எட்டாக் கனியாயிருந்த காலம் அது. முதல் மாதிரி தோற்றது, இரண்டாவது தோற்றது, மூன்றாவதும் தோற்றது. ஒன்றையும் மறைக்கவில்லை. நான்காவது மாதிரியை 1990 டிஸம்பர் 6-ந் தேதி ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். அதன் பிறகு அந்த வால்வு 1 லக்ஷத்துக்கு மேற்பட்டவர்களின் நெஞ்சில் வைக்கப்பட்டது. வேலூரிலும் பெங்களூரிலும் இன்று குருத்தணு ஆராய்ச்சிக்கென்றே ஸ்தாபனங்கள் இருக்கின்றன. கங்கை மீனுக்குத் தெரிந்த வித்தையை அதன் தாய்நாட்டாரும் கற்க வேண்டியதுதானே?

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போய், இவ்வளவையும் சொன்னோம். டாக்டர் கொடுத்திருக்கும் மாத்திரைகளை ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். தினம் எடை பார்க்க வேண்டும். மாத்திரைகளினால் ஆயுள் நீடிப்பது நிரூபணமான விஷயம் என்றும் சொன்னோம். மனிதர் கணக்கு வாத்தியார் அல்லவா? எல்லாவற்றையும் கேட்டு விட்டு, "எட்டாவது நாளில் 100-க்கு 2 என்றீர்களே, அந்த மார்க்கு எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு வாங்கின பையன் இரண்டு என்று வீட்டில் சொன்னால், அவன் என்றைக்காவது பாஸாகி விடுவான்" என்றார்.

அம்மாள் உள்ளே போய்த் துண்டுப் பிரசுரத்தை எடுத்து வந்தார். அதன் பின்புறம் வெள்ளையாக இருந்தது. அந்தப் பக்கத்தில் கோடு போட்டு, தேதி, எடை என்று இரண்டு கட்டம் கட்டி, அன்றைய கணக்கை எழுதிச் சுவரில் மாட்டி விட்டார்.